ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு

நான் பார்த்துக்கொள்ளும் உபுண்டு சர்வர் ஒன்றில் ஒரு கடையின் பில்லிங் ஆப் ஓடுகிறது. ஒரு ஞாயிறு இரவு கெர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்தேன். காலையில் கடையிலிருந்து போன்: "சார், பில் போட முடியலை." சர்வர் இருக்கிறது, வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ஓடுகிறது, ஆப் மட்டும் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் ஸ்டார்ட் கொடுத்ததோடு விட்டிருந்தேன். எனேபிள் செய்யவில்லை.

உபுண்டுவில் பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, அதாவது சர்வீஸ்களை, சிஸ்டம்டி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதற்கு உத்தரவு கொடுக்கும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். அதில் ஸ்டார்ட் என்றால் இப்போது ஓட்டு. எனேபிள் என்றால் மெஷின் பூட் ஆகும்போதெல்லாம் ஓட்டு. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது. புது சர்வீஸ் என்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் பில்லிங்' என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பழையதை 'இஸ்-எனேபிள்டு' போட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் நின்றுவிட்டால் கை முதலில் ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். அதற்கு முன் ஸ்டேட்டஸ் பாருங்கள். கடைசிப் பத்து லாக் வரிகளும், எந்த எண்ணோடு வெளியேறியது என்பதும் அங்கேயே இருக்கும். 203 என்றால் புரோகிராமையே இயக்க முடியவில்லை. பாத் தப்பு, அல்லது எக்ஸிகியூட் அனுமதி இல்லை. 217 என்றால் யூசரில் கோளாறு. பெரும்பாலும் அந்தப் பெயரில் யூசரே இருக்காது. பத்து வரி போதாவிட்டால், முழு லாக்கையும் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -யு பில்லிங் -இ'. நேரலையாகப் பார்க்க -இ இடத்தில் -எஃப்.

அப்புறம், பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. எங்கள் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது. அது எழ முப்பது விநாடி ஆகும். அதுவரை ஆப் ஓட முடியாமல் விழும். ஆப்பில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' (விழுந்தால் மறுபடி எழுப்பு) இருந்தும் மொத்தமாக விழுந்து கிடந்தது. காரணம், சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லிவிநாடி மட்டுமே பொறுத்து மறுபடி முயலும். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் ஸ்டார்ட் ஆக விடாது. தொட்டவுடன் விழுகிற ஆப் அந்த ஐந்தையும் ஓரிரு விநாடிகளில் தீர்த்துவிடும். டேட்டாபேஸ் வரும்போது முயல ஆளில்லை.

'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் பில்லிங்' கொடுங்கள். திறக்கும் ஃபைலில், சதுர அடைப்புக்குறிக்குள் சர்வீஸ் என்ற தலைப்பிட்டு, அதன் கீழே 'ரீஸ்டார்ட்செக்=5' என்று எழுதிச் சேமியுங்கள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்றால் அந்த வரம்பைத் தொடவே தொடாது. யூனிட் ஃபைலை (சர்வீஸின் அமைப்பு எழுதியிருக்கும் ஃபைல்) நேரடியாகக் கை வைத்துத் திருத்தினால் மட்டும், சிஸ்டம்டியை அதை மறுபடி படிக்க வைக்கும் 'டீமன்-ரீலோடு' தேவை. ஃபெயில் ஆகி ஸ்டேட்டஸில் சிவப்பில் நிற்கும் சர்வீஸுக்கு 'ரீசெட்-ஃபெயில்டு' கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் மாற்றினால் 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டுச் சரிபார்த்துவிட்டு ரீலோடு, ரீஸ்டார்ட் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்ததும், கடை மூடிய நேரமாகப் பார்த்து நீங்களே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஒரு நிமிடம் விட்டு 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' அடியுங்கள். பட்டியல் காலியாக இருக்க வேண்டும். எனேபிள் ஆகாதது அந்தப் பட்டியலில் வராது என்பதால், பில்லிங் ஸ்டேட்டஸையும் பார்த்துவிட்டு, ஒரு பில் போட்டுப் பாருங்கள்.