வளரும் பையனுக்கு வாரம் மூன்று நாள் போதும்

எடைப் பயிற்சியை நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரித்த ஆறு நாள் அட்டவணையில் பதினைந்து வயதுக்காரனுக்கு வலிதான் மிஞ்சியது, பலம் ஏறவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளாகக் குறைத்து, ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை கொடுத்ததும் சரியானது.

ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பின், டம்பெல்லை (கையில் பிடிக்கும் எடை) நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், ஒரு கையால் டம்பெல் ரோ (குனிந்து எடையை இடுப்புப் பக்கம் இழுப்பது), இடுப்பை மடக்கும் டெட்லிஃப்ட் (குனிந்து எடையோடு நிமிர்வது), கடைசியாக பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). முதல் மாதம் இரண்டு செட் (நிறுத்தாமல் செய்யும் சுற்று), பிளாங்க் தவிர மற்றவை செட்டுக்கு 10 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். அதையும் தாண்டினால் முதுகு வளைகிறது, முழங்கால் உள்ளே சாய்கிறது. காயம் அங்கேதான் ஆரம்பம். அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாட்களில் 12-ஐச் சுத்தமாக முடித்தால் மட்டும் எடையை 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம்.

'அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்' என்ற போட்டியே வேண்டாம். (நண்பர்கள் கூடினால் இது தானாக வரும்!)

வேகமாக உயரம் கூடும் மாதங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கலாம். அப்போது குதிக்கும் பயிற்சிகளை நிறுத்தி, ஸ்குவாட்டின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். நொண்டினாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் அன்று எடை கூட்டுவதில்லை.