கேமிங் கணினிக்கு விண்டோஸ் ஹோமா, ப்ரோவா?

தம்பிக்கு கேமிங் கணினி அசெம்பிள் செய்தபோது, விண்டோஸ் 11 ப்ரோ போட்டால்தான் கேம் வேகமாக ஓடும் என்றார் கடைக்காரர். அப்படியெல்லாம் இல்லை. கேமுக்கு உதவும் டைரக்ட்எக்ஸ் 12, கேம் மோட், ஆட்டோ எச்டிஆர் எல்லாம் ஹோமிலும் இருக்கின்றன. ப்ரோவில் கூடுதலாகக் கிடைப்பது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைப்பது), ஹைப்பர்-வி (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது), குரூப் பாலிசி (கணினிகளுக்கான விதிகளை அமைப்பது) போன்றவை. அலுவலகத்துக்கு நல்லவைதான், ஆனால் கேமில் ஒரு ஃபிரேம்கூட ஏறாது. ஹோம் 128 ஜிபி ரேம் வரை ஏற்கும். நாங்கள் போட்டதோ 16.

ஹோமே போட்டோம். ஆனாலும் கேம் திக்கித் திக்கி ஓடியது. "அண்ணா, ப்ரோவே வாங்கியிருக்கலாமோ?" என்றான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்தேன். 3200 வேக ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது! கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். அப்புறம் டிஸ்பிளே செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) கிடந்த மானிட்டரை 144-க்கு மாற்றினேன். திக்கல் போய்விட்டது.

விண்டோஸின் பாதுகாப்பு வசதியான மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். பாதுகாப்பு குறையும் என்பதால் அதைத் தொடவில்லை. பின்னால் ப்ரோ தேவைப்பட்டால், செட்டிங்ஸில் ப்ரோ கீயைக் கொடுத்தே மாறிக்கொள்ளலாம். மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.