முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி முனைவர் பட்டம் முடித்த மாணவி ஒருவர், தன் முதல் கட்டுரையை வாசித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். மொத்தம் இருபத்திரண்டு பக்கம். முதல் ஒன்பது பக்கம் புகையிலை இந்தியாவுக்கு வந்த கதை, அமைப்புசாராத் தொழில் என்றால் என்ன, 1966 பீடித் தொழிலாளர் சட்டம், இதற்கு முன் யார் யார் என்ன எழுதினார்கள் என்றே போகிறது. பத்தாம் பக்கத்தில்தான் ஒரு அக்கா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார்: "முப்பது பீடியக் கழிச்சிட்டாவ. கழிச்சதத் திருப்பியும் தர மாட்டாவ." மாணவி அதை ஆங்கிலத்தில் 'கூலிப் பிடித்தம்' என்று மாற்றி மூன்று வரியில் கடந்துவிட்டார்.

எனக்கு மனசே ஆறவில்லை. கட்டுரையே அந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறது. பீடி சரியில்லை என்று ஒதுக்குகிறார்கள், அதற்குக் கூலி கிடையாது, ஆனால் பீடி மட்டும் கடையிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் கழிப்பது தரம் பார்க்கும் வேலையா, கூலியைக் குறைக்கும் வழியா? இந்தக் கேள்வியை முதல் பக்கத்தில் வைத்து, மற்றதையெல்லாம் அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும். 'கழிச்சிட்டாவ' என்ற சொல்லை அப்படியே வைத்து விளக்குங்கள். 'பிடித்தம்' என்றதும் அந்தப் பீடி எங்கே போனது என்ற விஷயமே காணாமல் போகிறது.

ஆய்வேட்டு அத்தியாயத்தை வெட்டி ஒட்டி அனுப்புவதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கிற தவறு. ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதுவது, இவ்வளவும் படித்திருக்கிறேன் என்று அதில் காட்டித்தான் ஆக வேண்டும். இதழில் வாசிப்பவருக்கு அது வேண்டாம், புதிதாக என்ன சொல்கிறீர்கள் என்பது மட்டும் வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு வாதம். அதை இரண்டு வாக்கியத்தில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

அப்புறம், காசு வாங்கிப் போடும் இதழ்கள். 'ஐந்து நாளில் பிரசுரம், இரண்டாயிரம் ரூபாய், சான்றிதழ் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் வரும். நானும் வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் அப்படி ஒன்றில் கட்டுரை போட்டிருக்கிறேன். யாரும் வாசித்துத் திருத்தவில்லை, அட்டவணையில் இருந்த கூட்டல் பிழைகூட அப்படியே அச்சானது. இரண்டு வருடம் அலைந்து சேர்த்த களத்தகவல் அதோடு போனது, ஒரு முறை வெளியான கட்டுரையை நல்ல இதழ் திரும்ப எடுக்காது என்பதால். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது இதழின் அடையாள எண்தான், தரச் சான்று இல்லை. நம்பத் தகுந்த இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி வைத்திருந்த 'யூஜிசி கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் அதுவே கைவிட்டுவிட்டது, இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால் விலகிவிடுங்கள். ஆய்விதழ்களைத் தொகுத்து வைக்கும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் எங்கள் இதழ் இருக்கிறது என்று சொன்னால், ஸ்கோப்பஸ் தளத்திலேயே போய்த் தேடுங்கள். நல்ல இதழின் பெயரில் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழக விதியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத ஒரு அவசரத்துக்குத்தான் பாதிப் பேர் காசு கட்டுகிறார்கள்.

எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி, கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி போன்ற நல்ல இதழ்களில் போட எழுத்தாளரிடம் காசு கேட்பதில்லை. 'நமக்கெல்லாம் அங்கே கிடைக்குமா' என்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நாமே முடிவு செய்துவிடுகிறோம். எழுதும் முன்பே இதழைத் தேர்ந்தெடுத்து, கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளை வாசித்து, எத்தனை சொல், எந்த மேற்கோள் முறை என்று பார்த்து எழுதுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள், தெரிந்தால் இரண்டு இடத்திலும் கதவு மூடும்.

இதழுக்காகக் கட்டுரையை வாசித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளரின் கருத்து வந்ததும் உடைந்துபோகிறவர்கள் நிறைய. 'பெரிய திருத்தம் செய்து மறுபடி அனுப்பவும்' என்று வந்தால் அது நல்ல செய்தி, இதழாசிரியருக்கு உங்கள் கட்டுரை வேண்டும் என்று அர்த்தம். அதை நிராகரிப்பு என்று நினைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துத் திறந்து, மதிப்பீட்டாளர் சொன்னதை இடப்பக்கம், நீங்கள் செய்ததைப் பக்க எண்ணோடு வலப்பக்கம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஏற்க முடியாததை ஏற்க வேண்டாம், ஏன் என்று மரியாதையாக எழுதினால் போதும்.

ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது இன்னொரு தவறு, இதில் அடிபடுவது நாம் அல்ல. 'ஆற்றங்கரை ஊர், அம்மன் கோயில் தெருவில் ஒரே பீடிக்கடை, கணவரை இழந்தவர், மகன் திருப்பூரில்' என்று எழுதினால் ஆலங்குளம் வரைக்கும் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். மறுநாள் அந்த அக்காவுக்குக் கடையில் பீடி சுற்ற இலை கொடுக்க மாட்டார்கள். சாதிப் பிரச்சினை பற்றிய ஆய்வு என்றால் விளைவு இன்னும் மோசம். அனுப்பும் முன் அதே ஊர்க்காரர் கண்ணால் ஒருமுறை வாசியுங்கள், வாதத்துக்குத் தேவைப்படாத அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு பல மாதம் ஆகும், சில இடத்தில் வருடம்கூடத் தாண்டும். ஆறு மாதமாகச் சத்தமே இல்லை என்றால் கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இதழாசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், அதில் தவறே இல்லை. அந்த மாணவி ஒன்பது பக்கத்தை இரண்டாகச் சுருக்கிவிட்டு, அந்த அக்காவிடம் இன்னும் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று முக்கூடல் பஸ் ஏறியிருக்கிறார்.