வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாய் திறக்காத மாணவருக்கு எப்படிக் கைகொடுப்பது?

இன்டர்னலில் (கல்லூரி நடத்தும் உள்தேர்வில்) ஃபெயிலான முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவரிடம் "இன்னும் நல்லா படிப்பா" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. பெரும்பாலும் அவர் ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்.

கூப்பிடும் முன் தியரி, பிராக்டிகல், வைவா மார்க்கைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டையும் புரட்டுங்கள். தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சையே எழுத முடியாது. காலை முதல் வகுப்பு மட்டும் விட்டுப்போகிறதா? தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பேட்ச் முன்னால் வேண்டாம், எல்லோரும் போன பிறகு.

2020-இல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் கூடுதலாக வருகிறார்கள். வைவாவில் அவர்கள் விழித்தால் பாடம் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நான் ஹியூமரஸ் என்ற மேல்கை எலும்பைக் கையில் கொடுத்து, "தமிழிலேயே சொல்லு தம்பி" என்பேன். பின்பக்கப் பள்ளத்தில் விரலை ஓட்டி, "இதுல ரேடியல் நெர்வ் போகுது சார்" என்பார். "இங்க உடைஞ்சா?" பதில் வராது, மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டுவார். அதுதான் ரிஸ்ட் டிராப், சரியான பதில்! உடனே அதையே ஆங்கிலத்தில் மூன்று சின்ன வாக்கியங்களாகச் சொல்ல வைப்பேன். இலக்கணம் திருத்த மாட்டேன். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அதற்கு மார்க் குறைப்பதில்லை, தயங்கி நின்றால்தான் குறைகிறது. அறைத்தோழரோடு தினமும் ஒரு எலும்பு, சத்தமாக. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது வைவாவுக்கு உதவாது.

தமிழிலும் சொல்ல வரவில்லையென்றால் பாடமே ஏறவில்லை. அப்போது அடுத்த வாரத்துக்கு இரண்டே தலைப்பு கொடுங்கள், அப்பர் லிம்ப் (கைப்பகுதி) முழுவதையும் அல்ல. வாரக் கடைசியில் பத்து நிமிடம் நீங்களே கேளுங்கள். கேட்க நேரமில்லையென்றால் கொடுக்கவே வேண்டாம்.

முதலாமாண்டை அதிகபட்சம் நான்கு முயற்சிக்குள், நான்கு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "உன் சீனியரைப் பார்" என்ற பேச்சும் வேண்டாம்.

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றால் அது டியூஷனால் தீராது. உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் தனியே அனுப்பாதீர்கள். அன்றைக்கே மனநலத் துறைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். ஹாஸ்டல் சுவரில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 ஒட்டியிருக்கட்டும். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.