பனங்கையும் பத்தமடைப் பாயும் வச்சு ஒரு பேஸ் கிட்டார்

சொந்தமா ஒரு பேஸ் செய்யணும், அதுவும் ஆல்டர் மேப்பிள்னு வெளியூர் மரத்துக்கு அலையாம நம்ம பக்கத்துல கெடக்கிற சாமானை வச்சே முடியுமான்னு கேக்கவங்களுக்கு முதல்லயே சொல்லிருதேன், பாடிக்கு எத வேணாலும் போடுங்க, பழைய கதவு, பனை, பாய், எதுவும் ஓகே. கம்பிக்கு அடியில வைக்கிற பிக்கப்புல இருக்க காந்தம் ஸ்டீல் கம்பி ஆடுறதைத்தான் புடிக்கும், மரம் என்ன சாதின்னு அது கேக்காது. ஆனா நெக்குல, அதாவது கம்பி ஓடுத கழுத்துக் கட்டையில, விளையாடாதீங்க. 45ல இருந்து 105 கேஜ் (கம்பித் தடிமன்) வரைக்கும் உள்ள நாலு கம்பியையும் ஈ, ஏ, டி, ஜின்னு சுதிக்கு முறுக்கி நிறுத்துனா மொத்த இழுவை 70, 80 கிலோ வரும், ஒரு அரிசி மூட்டையை அந்த ஒல்லிக் கட்டையில ராப்பகலா தொங்க விட்ட மாதிரிதான்.

நெக்குக்கு பழைய தேக்கு நிலை பாருங்க. ஓட்டு வீட்டை இடிச்சா நிலை, உத்தரம் எல்லாம் பழைய மரக்கடைக்கு வந்துரும், பாளையங்கோட்டை பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ ரெண்டு கடை ஏறி இறங்குங்க. பல வருசம் காஞ்ச மரம், இனிமே முறுக்கிக்கிடாது, அதுதான் வேணும். ஆசாரிட்ட குடுக்கதுக்கு முன்னால ஆணி எல்லாம் புடுங்கியாச்சான்னு ஒரு காந்தத்தை ஓட்டிப் பாத்துக்கிடுங்க, இல்லன்னா அவரு ரம்பப் பல்லு போயிரும், அப்புறம் உங்க முகத்துலயே முழிக்க மாட்டாரு. மூணு பட்டையா அறுத்து, நடுப் பட்டையைத் தலைகீழாத் திருப்பி ஒட்டுனா ஒண்ணோட வளைவை இன்னொண்ணு புடிச்சு நிறுத்தும். தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுத முகத்தை தின்னர்ல துடைச்சிட்டு அன்னைக்கே எபாக்ஸி வச்சு ஒட்டிருங்க. ட்ரஸ் ராடு (நெக்குக்குள்ள ஓடுத திருகுக் கம்பி) மட்டும் காசு குடுத்து வாங்குங்க, இரும்புக் கம்பியைச் சொருகி சமாளிச்சிரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, நெக்கு வளைஞ்சா அதை நிமித்த அந்த ராடு ஒண்ணுதான் வழி.

ஃபிங்கர்போர்டு, அதாவது நெக்கு மேல விரல் அமுக்குத பட்டை, அதுதான் இதுல எனக்குப் புடிச்ச வேலை. பனையில வெளிப்பக்கம் வைரம், உள்ள போவப் போவ சோறு, அதனால வெளிப்பக்கத்துல இருந்துதான் 6 மி.மீ. பட்டை எடுக்கணும். வில்லுப்பாட்டுக்கு வில்லையே பனையில செதுக்குத ஊரு இது, இழுவையைத் தாங்குமான்னு பனையைப் பாத்து கேக்கப்புடாது. பச்சைப் பனைப் பக்கம் போவாதீங்க, அதை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசாங்கமே சொல்லிட்டு, பழைய கூரையில இருந்து இறக்குன பனங்கையே போதும். இழைக்கும்போது கருப்பு நார் ஊசி மாதிரி எந்திரிச்சு நிக்கும், சிலாம்பு ஏறுச்சுன்னா ரெண்டு நாளைக்கு வாசிக்க முடியாது, கையுறை போட்டுக்கிடுங்க. அந்த நாரால ஃப்ரெட் (போர்டுக்குக் குறுக்க பதிக்கிற உலோகக் கம்பி) அடிக்க வரி அறுத்தா ஓரம் பேந்துக்கிட்டு வரும், அதான் ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ்ஸே பண்ணிருங்கன்னு சொல்லுதேன். பேஸ் வாசிப்புல பேர் போன ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட்டு இல்லாத போர்டுக்கு மேல படகுக்குப் பூசுற எபாக்ஸியைத்தான் பூசி வச்சிருந்தாரு. உவரி, இடிந்தகரை பக்கம் ஃபைபர் படகு வேலைக்கு ரெசின் கிடைக்குமேன்னு தோணும், அது பெரும்பாலும் பாலியஸ்டர், நாத்தம் குடலைப் புடுங்கும், எபாக்ஸி தானான்னு கேட்டு வாங்குங்க. மெல்லிசா மூணு நாலு பூச்சு, நடுவுல உப்புத்தாள்.

அளவுக்கு வருவோம். நட்டுல (நெக்கு உச்சியில கம்பியைத் தாங்குத சின்னத் துண்டு) இருந்து பிரிட்ஜ் (பாடியில கம்பி வந்து முடியுத இடம்) வரைக்கும் 34 இன்ச், அதாவது 863.6 மி.மீ., 1951ல வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலும் இதுதான். ஃப்ரெட் இல்லன்னாலும் கோடு போட்டுக்கிடுங்க, மீதி நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817ஆல வகுத்துக்கிட்டே போனா இடம் வந்துரும், முதல் கோடு நட்டுல இருந்து 48.5 மி.மீ., 12வது சரியா பாதியில 431.8. விரலை கோட்டு மேலயே வைக்கணும், ஃப்ரெட் பேஸ் மாதிரி கோட்டுக்குப் பின்னால வச்சா சுதி இறங்கிரும்.

பாடி முழுக்க பனைன்னா தோளு போயிரும். நடுவுல 5 இன்ச்சுக்கு மட்டும் பனங்கை ஒட்டி, ரெண்டு பக்கமும் மலைவேம்புப் பலகை வச்சா வெயிட் குறையும், ஸ்க்ரூ பூரா பனையில இறங்கும். மேல பத்தமடைப் பாய். நேரா ரெசினை ஊத்துனா கோரைக்குள்ள இருக்க காத்து எல்லாம் குமிழியா வந்து நிக்கும், முதல்ல பாய்க்கு மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு குடுத்து காய விட்டுட்டு அப்புறம் ஒட்டுங்க. இது சும்மா அழகுக்குத்தான், சவுண்டுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல, ஆனா ஸ்டேஜ்ல லைட்டு பட்டா பாக்கணுமே!

நெக்கு உக்காருத குழி 16 மி.மீ. ஆழம், நெக்கு அடிப்பகுதி போர்டோட சேந்து 25 மி.மீ. தடிமன். பிரிட்ஜ் ஓட்டை போடுறதுக்கு முன்னால நட்டோட ரெண்டு ஓரத்துலயும் நூலு கட்டி பிரிட்ஜ் வரைக்கும் இழுத்துப் பாருங்க, நெக்கோட ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கணும். பிரிட்ஜுக்கு அலுமினிய ஜன்னல் கடையில 3 மி.மீ. ஆங்கிள் வெட்டு துண்டு கிடைக்கும், கம்பிக்கு கம்பி 19 மி.மீ. விட்டு துளை போட்டு கம்பியைக் கோத்திரலாம், சேடில் (பிரிட்ஜுல கம்பி உக்காருத துண்டு) மட்டும் முன்ன பின்ன நகர்ற மாதிரி இருக்கட்டும், தடிச்ச ஈ கம்பிக்கு அது கொஞ்சம் பின்னால போவணும்.

பிக்கப்பு நானே காயில் சுத்துதேன்னு மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போனா அவங்க கம்பி பருமன், இதுக்கு 0.06 மி.மீ. வேணும், தலைமுடியளவு, அதுல ஆயிரக்கணக்குல சுத்து. பேசாம வாங்கிருங்க. பிரிட்ஜுக்கு முன்னால 5, 6 இன்ச்ல வைங்க, வால்யூம், டோன் ரெண்டும் 250கே பாட் (திருகுத ரெசிஸ்டர்), டோன்ல 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். திருகுத குமிழுக்கு அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமான் கடையுதவங்கட்ட சொன்னா அரக்கு கலர்ல கடைஞ்சு தருவாங்க, பாட் தண்டைக் கையோட கொண்டு போங்க. குழிக்குள்ள காப்பர் டேப் ஒட்டி, பிரிட்ஜுல இருந்து ஒரு எர்த் வயர் பாட் முதுகுக்கு.

கம்பி கட்டுனதும் ட்ரஸ் ராடை ஒரேயடியா திருகாதீங்க, கால் சுத்து, ஒரு நாள் விடுங்க, மறுபடி பாருங்க. கம்பியை முதல் கோட்டுலயும் கடைசியிலயும் அமுக்குனா நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுத இடைவெளி இருந்தா போதும். ஆம்ப்ல சொருகி கம்பியைத் தொடுங்க, இரைச்சல் குறையணும். தொட்டதும் கூடுதுன்னா ஜாக்குல ரெண்டு வயரும் இடம் மாறி சால்டர் ஆயிருக்கு, மாத்தி வைங்க.