ஊசல் போடும் கோலம்: இயற்பியலைத் தரையில் வரைந்து காட்டும் முறை

1815இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நதானியேல் பௌடிச்சும், 1857இல் ஒளிக்கற்றையைக் கொண்டு பிரெஞ்சு இயற்பியலாளர் ழூல் லிசாழூவும் ஆராய்ந்த வளைவுகளை, ஒரு கதவு நிலையும் கொஞ்சம் கோலப்பொடியும் இருந்தால் எவரும் வீட்டிலேயே வரையலாம். இதை அறிவியல் கண்காட்சியில் வைத்தால், வருபவர்களிடம் முதலில் சூத்திரத்தைச் சொல்லாமல், அவர்கள் கையாலேயே கோலம் போடவிட்டுப் பிறகு காரணத்தைப் பேசுவதே நல்லது என்பது என் கருத்து.

முதலில் அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி நீக்கி, மூடியின் நடுவில் நான்கு மி.மீ. அளவில் துளையிடுங்கள். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, வெட்டிய விளிம்பில் சம இடைவெளியில் மூன்று துளைகளிட்டு நூல் கோத்து, மூன்று நூல்களையும் மேலே ஒன்றாக முடியுங்கள். அரிசி மாவு துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால் உலர்ந்த, சலித்த கோலப்பொடியையே பயன்படுத்துங்கள். பொடி உப்பும் உதவும்.

அடுத்து, கதவு நிலையின் மேல்சட்டத்தில் இரு மூலைகளிலிருந்தும் இரண்டு நூல்களை இறக்கி, நடுவில் ஒரே முடிச்சாக்கி, அதிலிருந்து ஒற்றை நூலில் புட்டியைத் தொங்கவிடுங்கள். நூல் கவட்டை வடிவில் தெரிய வேண்டும். மேல்சட்டத்திலிருந்து புட்டியின் நடுப்பகுதிவரை 180 செ.மீ. இருக்கட்டும், முடிச்சிலிருந்து அதே நடுப்பகுதிவரை 45 செ.மீ. இருக்கட்டும். நிலை உயரம் குறைவென்றால் நீளங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நான்குக்கு ஒன்று என்ற விகிதம் மாறக்கூடாது. மூடி, கறுப்புச் சார்ட் தாளுக்கு மேல் நான்கைந்து செ.மீ. உயரத்தில் நிற்குமாறு, தேவைப்பட்டால் தாளுக்கடியில் பலகை வையுங்கள்.

இந்த முடிச்சில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நிலைக்கு முன்னும் பின்னும் ஆடும்போது நூல் முழுவதும் ஆடுவதால் ஊசலின் நீளம் 180 செ.மீ.; பக்கவாட்டில் ஆடும்போதோ மேல்நூல்கள் முடிச்சைப் பிடித்துக்கொள்வதால் வெறும் 45 செ.மீ. அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம், நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாகும். பொடி போடுவதற்கு முன்பே, ஒவ்வொரு திசையிலும் பத்து அலைவுகளைக் கடிகாரம் வைத்து எண்ணச் சொல்லுங்கள்: ஒன்றில் ஏறக்குறைய 27 விநாடியும் மற்றொன்றில் 13.5 விநாடியும் வரும்.

இப்போது மூடித் துளையை விரலால் அடைத்தபடி பொடியை நிரப்பி, புட்டியைக் குறுக்காக மூலைத் திசையில் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். வில்போன்ற ஒரு வளைவிலேயே அது போய்ப் போய்த் திரும்பும். அடுத்த முறை, விடும்போது பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் அந்த வில் பிரிந்து எட்டு வடிவத்தை நெருங்கும். நீளத்தில் ஓரிரு செ.மீ. பிசகியிருந்தால், கோலம் மெல்லமெல்ல உருமாறிக்கொண்டே போகும். அதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள், பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பது அங்கேதான். காற்றின் தடையால் வீச்சு குறைந்து, கோடுகள் ஒன்றினுள் ஒன்றாக நெருங்கி விழும்.

முடிச்சை மேலேற்றி 45ஐ 80 செ.மீ. ஆக்கினால், அலைவு நேரங்கள் மூன்றுக்கு இரண்டு என்றாகி, கண்ணிகள் கூடிய வேறொரு பின்னல் கிடைக்கும்.

வரைந்ததைப் பாதுகாக்க விரும்பினால், நீர் கலந்த பசையைத் தாளில் மெல்லியதாகப் பூசிவிட்டு ஊசலை ஆட்டுங்கள். காய்ந்தபின் தாளைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாத பொடி உதிர்ந்து, கோடு மட்டும் தங்கும்.