கோலாலம்பூரில் வேலைக்கு வந்த தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போகிறீர்களா?

முதலில் முதலாளியையோ ஏஜென்டையோ டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வையுங்கள். மொழி தெரியாது என்று அவர்களையே பேசவிட்டால் தம்பி எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார். தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள், இந்த ஊரில் பெரும்பாலும் இருப்பார். எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, முதலாளிக்குப் போகட்டும், ரத்தப் பரிசோதனை முடிவு தம்பி கையில்தான் இருக்க வேண்டும். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பூட்டி வைத்திருந்தால், 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லிக் கேளுங்கள்.

வேலை பெர்மிட் இல்லாதவர் என்றால் விஷயம் கனமானது. அரசு மருத்துவமனைக்கு வரும் ஆவணமற்றவர்களைப் பற்றித் தகவல் கொடுக்கச் சொல்லி 2001-இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை போட்டது, அந்தப் பயத்திலேயே நோயை முற்றவிடுகிறார்கள், இது கொடுமை. சாதாரணக் காய்ச்சல், புண் என்றால் தனியார் கிளினிக்கில் ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் எந்த யோசனையும் வேண்டாம், 999.

அப்புறம், பெர்மிட்டோடு வேலை செய்பவருக்கு வேலையிடத்தில் அடிபட்டால் 2019 முதல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு, அதனால் விபத்து எங்கே எப்படி நடந்தது என்பதை டாக்டர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.